சீசன் முடிந்த பிறகு: ஆல்ப்ஸ் கிராமமும் சஹ்யாத்ரி மலையூர்களும்

புனேயில் ஔந்திலிருந்து சிவாஜிநகர் போகும் வழியில் சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் வருகிறது. அதன் நடுவே உயரமான கோபுரத்தோடு நிற்கும் பழைய கட்டடம் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. பம்பாய் மாகாண ஆளுநரின் மழைக்கால மாளிகை அது. ஆளுநர் பார்ட்டில் ஃப்ரேர் காலத்தில், 1864இல் வேலை தொடங்கி 1871இல் முடிந்தது. அன்றைய ஆட்சியாளர்கள் குளிர்மாதங்களைப் பம்பாயிலும் வெயில் மாதங்களை மகாபலேஷ்வரிலும் கழித்தார்கள். மழை இறங்கியதும் இந்தக் கணேஷ்கிண்ட் மாளிகைக்கு வந்தார்கள். கோப்புகளும் குமாஸ்தாக்களும் குதிரைகளும் பின்தொடர, ஓர் அரசாங்கமே பருவம் பார்த்து இடம் மாறியது.

அந்த ஏற்பாட்டில் ஒரு தெளிவு இருந்தது. எந்த மலையும் ஆண்டு முழுவதும் இருக்கத் தோதானதல்ல என்று ஒப்புக்கொண்டு, மனிதர்கள் நகர்ந்தார்கள். இன்று எதிர்பார்ப்பு தலைகீழாகிவிட்டது. மலை தன் இடத்திலேயே இருந்து பன்னிரண்டு மாதமும் விருந்தோம்ப வேண்டும். இத்தாலிய ஆல்ப்ஸின் பனிச்சறுக்குக் கிராமங்கள் குளிர்காலத்தில் சறுக்கு, கோடையில் மலைநடை, இடையில் சைக்கிள், வெந்நீர்க் குளியல் என்று ஆண்டு முழுமைக்கும் தங்களை விற்கின்றன. புனேயைச் சுற்றியுள்ள மலையூர்களும் அந்தக் கனவையே காண்கின்றன. அவற்றில் ஒன்று இத்தாலிய ஊர் ஒன்றையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது. யார் பிழைத்தார்கள், எதனால் பிழைத்தார்கள் என்று பார்த்தால், பயணிகளின் எண்ணிக்கையைவிட ஊர்க்காரர்களின் தொழில்களைத்தான் முதலில் எண்ண வேண்டியிருக்கிறது.

ஆல்ப்ஸில் கோடையே மூத்தது

ஆல்ப்ஸ் என்றதும் பனி நினைவுக்கு வந்தாலும் அங்கே சுற்றுலா கோடையில்தான் பிறந்தது. மேட்டர்ஹார்ன் சிகரத்தில் மனிதன் முதன்முதலில் கால் வைத்தது 1865 ஜூலை 14 அன்று. மூன்று நாள் கழித்து இத்தாலியப் பக்கமிருந்து இன்னொரு குழு ஏறியது. மலையேறிகளும் நோயாளிகளும் ஓவியர்களும் வெயில் மாதங்களில் வந்துபோனார்கள். குளிர்காலத்தில் விடுதிகள் பூட்டிக் கிடந்தன. சுவிட்சர்லாந்தின் சென் மோரிட்ஸில் ஒரு விடுதிக்காரர் 1864இல் ஆங்கிலேய விருந்தினர்களிடம், ‘குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் செலவை நான் ஏற்கிறேன்’ என்று பந்தயம் கட்டியதாக ஒரு கதை உண்டு. குளிர்காலச் சுற்றுலா அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள்.

அதற்கும் முன்பே அந்த மலைகளுக்கு ஒரு நாட்காட்டி இருந்தது. பனி உருகியதும் மாடுகளை மேல்மலைப் புல்வெளிக்கு ஓட்டுவது, அங்கேயே பால் கறந்து பாலாடைக்கட்டி செய்வது, செப்டம்பரில் கழுத்துமணியும் பூவும் கட்டிக் கீழே இறக்குவது. பருவந்தோறும் கால்நடைகளோடு இடம்பெயரும் இந்த வழக்கத்தை இத்தாலி, ஆஸ்திரியா, கிரீஸ் நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ 2019இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பனிச்சறுக்கு வந்தபோது வேலையில்லாத குளிர்மாதங்களில் அது பொருந்தி உட்கார்ந்தது. கோடையில் மாடு மேய்த்தவர் குளிரில் சறுக்குப் பயிற்றுநர் ஆனார். வைக்கோல் பரண் விருந்தினர் அறை ஆனது.

லிவின்யோ இதற்கு நல்ல உதாரணம். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், சுவிஸ் எல்லையோரம் இருக்கும் ஊர். பனிச்சறுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சுங்கவரி விலக்கு பெற்ற ஊர் என்பதால் கடைவீதி எல்லா மாதமும் ஓடுகிறது. மாடும் பாலும் இன்னும் உண்டு. வசந்தத்தில் மிஞ்சும் பனியைக் குவித்து, மரத்தூளைத் தடிமனாகப் போர்த்தி, துணி விரித்துப் பாதுகாத்து, ஆகஸ்டில் எடுத்துப் பரப்பிச் சறுக்குத் தடம் அமைக்கிறார்கள். 2026 குளிர்கால ஒலிம்பிக்கின் சில போட்டிகளும் அந்த ஊருக்குக் கிடைத்தன.

செஸ்ட்ரியேரே வேறு ரகம். ஃபியட் நிறுவனத்தின் ஆக்னெல்லி குடும்பம் 1930களில் 2,035 மீட்டர் உயரக் கணவாயில் பனிச்சறுக்குக்காகவே கட்டிய ஊர் அது. உருளை வடிவக் கோபுர விடுதிகள் இன்னும் அதன் அடையாளம். 1934இல் தனி நகராட்சி ஆனது. 2006 டுரின் ஒலிம்பிக்கின் சறுக்குப் பந்தயங்கள் அங்கே நடந்தன. ஆனால் அங்கேயே குடியிருப்போர் எண்ணிக்கை ஆயிரத்துக்குள்தான். விடுதியும் சறுக்குத் தடமும் முதலில் வந்தன. ஊர் பிறகு வந்தது. அதனால் பனி பொய்த்தால் சார்ந்துகொள்ள அங்கே இன்னொரு தொழில் ஆழமாக இல்லை.

பனி பொய்ப்பதோ இனி அபூர்வமல்ல. இத்தாலியச் சறுக்குத் தடங்களில் சுமார் 90 விழுக்காடு செயற்கைப் பனியை நம்பியிருப்பதாக அந்நாட்டின் லெகாம்பியெந்தே சூழலியல் அமைப்பு சொல்கிறது. அதற்கு நீர்த்தேக்கம், மின்சாரம், பீரங்கி போன்ற இயந்திரங்கள் எல்லாம் தேவை. ஒரு காலத்தில் கோடைச் சறுக்குக்குப் பெயர்பெற்றிருந்த மார்மொலாடா பனியாறு 2022 ஜூலை 3 அன்று உடைந்து சரிந்து 11 மலையேறிகளைக் கொன்றது. நம் குல்மர்க்கிலும் இதே கதைதான். 2024 ஜனவரியில் சரிவுகள் பழுப்பாகக் கிடந்தன; 2025 பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனியின்றித் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன.

மகாபலேஷ்வரைப் பூட்டும் மழை

ஆல்ப்ஸில் ஊரை அடைத்தது பனி என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மராட்டியப் பகுதியான சஹ்யாத்ரியில் அடைப்பது மழை. மகாபலேஷ்வரில் ஆண்டு மழை சராசரியாக 5,000 மில்லிமீட்டருக்கு மேல். அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. மலைமுகட்டுக்குக் கிழக்கே மழைமறைவில் இருக்கும் புனேயில் ஏறக்குறைய 700 மில்லிமீட்டர்தான். ஆளுநர் மழைக்குக் கணேஷ்கிண்டைத் தேர்ந்ததன் காரணம் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

1820களின் இறுதியில் ஆளுநர் ஜான் மால்கம், சாத்தாரா அரசர் பிரதாபசிங்கிடம் ஒப்பந்தம் செய்து பெற்ற மலை இது. அன்று முதலே அதன் காலண்டரில் இரண்டு சீசன்கள்தான்: ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை ஒன்று, அக்டோபரில் ஒன்று. ஜூன் நடுவில் ஊர் காலியாகும். போவதற்கு முன் பங்களாச் சுவர்களை மழை அரித்துவிடாமல் புல்தட்டிகளால் மூடிவிட்டுப் போவார்கள். தங்கிவிட்டவர்கள் கோயில்காரர்களும் சிறுவிவசாயிகளும் காவலாளிகளும். 19ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த சிறையின் சீனக் கைதிகள் தோட்டம் போட்டுக் காய்கறியும் உருளைக்கிழங்கும் விளைவித்தார்கள்.

2021 ஜூலை 23 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மகாபலேஷ்வரில் பதிவான மழை 594 மில்லிமீட்டர். புனே ஓராண்டில் பெறுவதில் பெரும்பகுதி ஒரே நாளில் இறங்கியது. ஆம்பேநளி கணவாய்ச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து அறுந்தது. இத்தனை மழை பெய்தும் கோடையில் சுற்றுக் கிராமங்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வருகிறது. எரிமலைப் பாறை மேலே விழும் நீர், தேங்க இடமின்றிக் கிருஷ்ணா, கொய்னா, வெண்ணா, சாவித்ரி என்று ஓடிப் போய்விடுகிறது. சுற்றுலாவின் உச்ச மாதமும் தண்ணீரின் கடைசி மாதமும் மே என்பதுதான் எல்லா மலையூர்களின் இக்கட்டு.

பாஞ்ச்கணி போட்ட வழி

மகாபலேஷ்வருக்குக் கிழக்கே 20 கிலோமீட்டருக்குள் இருப்பது பாஞ்ச்கணி. முகட்டைத் தாண்டிவிட்டதால் மழை அங்கே பாதிக்கும் குறைவு. மழையிலும் மூட்டை கட்டத் தேவையில்லாத மலையூர் ஒன்று வேண்டும் என்று 1860களில் தேடியவர்களின் கண்ணில் பட்ட இடம் அது. ஜான் செஸ்ஸன் என்ற ஆங்கிலேயர் அங்கே குடியேறிச் சில்வர் ஓக்கும் பிற வெளிநாட்டு மரங்களும் நட்டு ஊரை உருவாக்கினார்.

ஆனால் பாஞ்ச்கணியை ஆண்டு முழுதும் உயிரோடு வைத்தவை அந்த மரங்களல்ல, பள்ளிகள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விடுதிப் பள்ளிகள் எழுந்தன. பின்னாளில் ஃப்ரெட்டி மெர்க்குரி என்று உலகம் அறிந்த பாடகர் ஃபரூக் புல்சாரா அங்குள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி மாணவர். 1912இல் டாக்டர் ருஸ்தம்ஜி பில்லிமோரியா தொடங்கிய பெல்-ஏர் காசநோய் மருத்துவமனையும் சேர்ந்துகொண்டது. ஒரு விடுதிப் பள்ளி இருந்தால் சமையல்காரர், சலவைக்காரர், பால்காரர், ஆசிரியர், தையல்காரர் என்று ஒரு வரிசையே மாதச் சம்பளத்துக்கு இருக்கும். பயணி வார இறுதியில் வந்து போவார். மாணவன் பள்ளி திறந்திருக்கும் நாளெல்லாம் மூன்று வேளை சாப்பிடுவான்.

தமிழ் மலைகளிலும் இதே பாடம் உண்டு. உதகைப் பக்கம் லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இலும் கொடைக்கானலின் அமெரிக்கப் பள்ளி 1901இலும் தொடங்கின. தேயிலையும் காய்கறியும் உதகையைத் தாங்கின. 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் தந்தது. அந்தத் தொழிற்சாலை நொடித்து மூடியபின் ஊரின் எடை இன்னும் கூடுதலாகச் சுற்றுலாவின்மேல் சாய்ந்தது. அதன் விளைவைச் சாலையில் காணலாம். நெரிசல் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் உதகைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பே வந்துவிட்டது.

ஒரு செடியின் ஆண்டு

மகாபலேஷ்வரும் பின்னாளில் தனக்கென ஒரு குளிர்காலத் தொழிலைக் கண்டது. இந்தியாவில் விளையும் ஸ்ட்ராபெரியில் மிகப் பெரும் பங்கு இந்த மகாபலேஷ்வர்–பாஞ்ச்கணி வட்டாரத்தினது. 2010இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் செடியின் ஆண்டைக் கவனித்தால் மலையின் ஆண்டு புரியும். வெளிநாட்டிலிருந்து வரும் தாய்ச் செடிகளை மழை குறைந்த அடிவாரத்து வாய் பகுதி நாற்றங்கால்களில் வைத்து, ஓடுகொடிகளை வேர் பிடிக்கவைத்துப் பெருக்குகிறார்கள். மேலே மழை வெறித்ததும் செப்டம்பர், அக்டோபரில் மேட்டுப்பாத்தி போட்டு, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, சொட்டுநீர்க் குழாய் ஓட்டி நடுகிறார்கள். டிசம்பரிலிருந்து பழம். ஏப்ரலில் பழம் ஓயும்போது கோடைப் பயணி வந்து சேர்கிறார். மிஞ்சிய பழம் ஜாமாகவும் சர்பத்தாகவும் அவருக்கே விற்கிறது. விவசாயம் முடியும் இடத்தில் சுற்றுலா தொடங்குகிறது. ஆல்ப்ஸில் மாடும் சறுக்கும் போட்ட முடிச்சின் சஹ்யாத்ரி வடிவம் இது.

இதே வட்டாரத்து ஸ்ட்ராபெரி கிராமமான பிலார், 2017 மே 4 அன்று மகாராஷ்டிர அரசின் ‘புத்தகங்களின் கிராமம்’ ஆனது. வேல்ஸின் ஹே-ஆன்-வை ஊரைப் பார்த்துப் பிறந்த யோசனை. ஆனால் புதிதாக எந்த அரங்கமும் கட்டவில்லை. 25 இடங்களில், பெரும்பாலும் ஊர்க்காரர்களின் வீட்டு முன்கூடங்களிலேயே அலமாரிகளும் நாற்காலிகளும் போட்டு மராத்திப் புத்தகங்களை வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம். பசித்தால் அந்த வீட்டிலேயே பிட்லா-பாக்ரி கிடைக்கும். பயணி வராத நாளில் அந்த வீடு நஷ்டப்படுவதில்லை. அது வீடாகவே இருக்கிறது.

லவாசா: ஊர் இல்லாத நகரம்

ஔந்திலிருந்து சாந்தனி சௌக், பிரங்குட் வழியாக மேற்கே போனால் தேம்கர் அணை தாண்டி லவாசா வருகிறது. 1996இல் மகாராஷ்டிர அரசு புதிய மலைவாசத் தலங்களுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. அதன்கீழ் மோசே ஆற்றுப் பள்ளத்தாக்கில், வரஸ்கான் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய 18 கிராமங்களின் நிலப்பரப்பு 2001இல் மலைவாசத் தலமாக அறிவிக்கப்பட்டது. அஜித் குலாப்சந்தின் ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி இதை முன்னெடுத்தது. அமெரிக்காவின் ஹெச்.ஓ.கே. நிறுவனம் நகர வரைபடம் போட்டது. முன்மாதிரி, இத்தாலியின் லிகூரியக் கடற்கரையிலுள்ள போர்ட்டோஃபினோ.

அசல் போர்ட்டோஃபினோ சில நூறு பேர் வாழும் மீனவக் கிராமம். அதன் காவி, மஞ்சள், இளஞ்சிவப்பு முகப்புகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. லவாசாவின் முதல் நகரான தாஸ்வேயில் அதே நிற முகப்புகள் எழுந்தன. கடலுக்குப் பதில் ஏரி. அதற்காகத் தாஸ்வேயில் தனியாக ஓர் அணையும் கட்டினார்கள். வரஸ்கான், புனேக்குக் குடிநீர் தரும் நான்கு அணைகளில் ஒன்று என்பதால் மேலே தேக்கும் நீர் யாருடையது என்ற கேள்வி அன்றே எழுந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் அந்தக் கேள்விக்கு நூறாண்டு வயது. முல்ஷியில் டாட்டா அணைக்காக நிலம் பறிபோனதை எதிர்த்து 1921இல் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாகிரகம் நடந்த மண் அது.

2010 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உரிய அனுமதியின்றிக் கட்டியதாக நோட்டீஸ் அனுப்பி வேலையை நிறுத்தியது. அப்போது அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ். ஓராண்டு கழித்து, 2011 நவம்பரில் நிபந்தனைகளோடு முதல் கட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்குள் பங்கு வெளியீட்டுத் திட்டம் முடங்கியது. கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில் லவாசா நிறுவனம் திவால் நடைமுறைக்குப் போனது. 2023 ஜூலையில் டார்வின் பிளாட்ஃபார்ம் குழுமத்தின் 1,814 கோடி ரூபாய் மீட்புத் திட்டத்தைத் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஏற்றது. அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. 2024 ஜூலை மழையில் லவாசாவில் மண்சரிந்து பங்களாக்கள் இடிந்தன.

லவாசாவின் தோல்விக்கு அந்த நோட்டீஸையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. தாமதத்தின் விலை பெரியது என்பது உண்மைதான். ஆனால் நோட்டீஸ் வராவிட்டாலும் ஒரு பிரச்சினை இருந்திருக்கும். அங்கே ஓடிய பெரிய தொழில் வீடு கட்டி விற்பது. ஒரு வீட்டை ஒருமுறைதான் விற்க முடியும். வாங்கியவர்களில் பலருக்கு அது இரண்டாவது வீடு. ஆண்டில் சில நாள் திறக்கும். கல்லூரிகளும் விடுதிகளும் திட்டத்தில் இருந்தன. சுவிட்சர்லாந்தின் லோசான் விடுதி மேலாண்மைக் கல்லூரியுடன் சேர்ந்து ஒரு பயிற்சிக் கல்லூரி 2009இல் திறந்தும் இருந்தது. பாஞ்ச்கணியில் பள்ளிகள் ஊரைக் கட்டின. லவாசாவில் நகரைக் கட்டிவிட்டு அதற்கு ஆள் தேடினார்கள். இத்தாலியில் இதற்கு இணை தேடினால் போர்ட்டோஃபினோவைவிடச் செஸ்ட்ரியேரேதான் பொருத்தம். செஸ்ட்ரியேரேக்குப் பின்னால் மூலதனம் நின்றது. லவாசாவுக்குப் பின்னால் கடன் நின்றது.

மழையே சீசனானபோது

மழையை மூடும் பருவமாகப் பார்க்காமல் திறக்கும் பருவமாக ஆக்கியது லோனாவாலா. மும்பை–புனே விரைவுச்சாலை 2002இல் முழுதாகத் திறந்தபின் இரு நகரங்களின் கார்களும் ஜூலை சனிக்கிழமைகளில் அங்கேதான். பூஷி அணைப் படிகளில் வழியும் நீரில் உட்காருவது, சுட்ட சோளக்கதிர், வெங்காய பஜி, திரும்பும்போது சிக்கி. இது தமிழர்களுக்குப் புதிதல்ல. குற்றாலத்துக்கு ஜூன், ஜூலை மழைதான் சீசன். முகட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டும் மழை இந்தப் பக்கம் சாரலாக வருவதால் அது இதமாகிறது. லோனாவாலா முகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே விழுவது சாரலல்ல, மழை.

2024 ஜூன் 30 அன்று பூஷி அணைக்குப் பின்னாலுள்ள அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். மாவட்ட நிர்வாகம் நீர்நிலைகளில் தடை உத்தரவு போட்டது. அதே ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. 2025 ஜூன் 15 அன்று புனே அருகே குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றுப் பழைய பாலம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். ஆண்டு முழுதும் திறந்திருக்க வேண்டும் என்ற ஆசையின் மறுபக்கக் கணக்கு இது.

இதற்கு மாற்று வழியும் இதே மலைத்தொடரில் உண்டு. 1907இல் தொடங்கிய மாத்தேரான் சிறு ரயில், நேரளிலிருந்து மேலேறும் பாதையில் மழை மாதங்கள் முழுக்க ஓடுவதில்லை. பயணிகளின் மோட்டார் வாகனங்களுக்கு ஊருக்குள் வர அனுமதி இல்லை. காஸ் பீடபூமியில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூக்கும் சில வாரங்களில், இணையத்தில் முன்பதிவு செய்த அளவான பேரைத்தான் விடுகிறார்கள். கதவைச் சாத்தத் தெரிந்த ஊர்கள் இவை.

அடுத்த மலையூருக்கு மூன்று கேள்விகள்

இந்தப் பழைய கணக்குகளுக்கு இப்போது அவசரமான பயன் ஒன்று இருக்கிறது. கொய்னா நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சாத்தாரா மாவட்டத்தில் ‘புதிய மகாபலேஷ்வர்’ திட்டத்தை மாநிலச் சாலை மேம்பாட்டுக் கழகம் கையில் எடுத்திருக்கிறது. முதலில் 235 கிராமங்கள். பிறகு எல்லை இன்னும் விரிந்தது. பழைய மகாபலேஷ்வர்–பாஞ்ச்கணி 2001லிருந்து சூழல் உணர்திறன் மண்டலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் 2012லிருந்து உலக மரபுச் சொத்து, அவற்றில் காஸும் கொய்னாவும் உண்டு. நெரிசலைப் பிரித்து அனுப்பப் புதிய இடம் வேண்டும் என்பது நியாயமான வாதம்தான்.

அந்தத் திட்ட வரைவைப் படிப்பவர் அறைகளின் எண்ணிக்கையைத் தேடுவதற்கு முன் மூன்று விவரங்களைத் தேடலாம். ஒன்று, மே மாதக் கடைசி வாரத்தில் ஊருக்கும் விருந்தினருக்கும் தண்ணீர் எங்கிருந்து, எத்தனை லிட்டர். இரண்டு, ஜூலை, ஆகஸ்டில் எந்தச் சாலைகளும் எந்த அருவிகளும் மூடப்படும், அந்த நாட்களில் விடுதி ஊழியருக்குச் சம்பளம் யார் தருவார். மூன்று, சுற்றுலா இல்லாமலேயே அந்தக் கிராமங்களில் ஓடக்கூடிய தொழில் எது: பயிரா, பள்ளியா, பாலா.

லிவின்யோவும் பாஞ்ச்கணியும் பிலாரும் மூன்றாவது கேள்விக்குப் பதில் வைத்திருந்ததால் மற்ற இரண்டையும் சமாளிக்கின்றன. லவாசாவிடம் அந்தப் பதில் இல்லை. சாயம் பூசிய முகப்பு அதை ஈடுகட்டவில்லை. பன்னிரண்டு மாதமும் பயணி வரும் மலையூரை யாராலும் உறுதி சொல்ல முடியாது. பருவநிலை மாறிவரும் காலத்தில் பனிக்கும் உறுதியில்லை, மழைக்கும் உறுதியில்லை. பயணி வராத மாதத்திலும் அடுப்பெரியும் ஊரைத் திட்டமிட முடியும். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் நான்கு நாள் சாலையைப் பூட்டிவைக்கும் தைரியமும் இருக்கும்.